பகத் சிங் கேட்ட 10 புத்தகங்கள்: ஒருவரின் ரசனை அவரைப் பற்றி என்ன சொல்லும்?

டிசம்பர் மாசம் வந்தால் உங்கள் போனில் இருக்கும் பாட்டு ஆப் ஒரு பட்டியல் அனுப்புமே, பார்த்திருப்பீர்கள். இந்த வருஷம் நீங்கள் அதிகம் கேட்ட 5 பாடல்கள், 5 பாடகர்கள், மொத்தம் இத்தனை ஆயிரம் நிமிடம். நம்மில் பாதிப் பேர் அதை உடனே ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறோம். நான் இப்படிப்பட்ட ஆள் என்று ஊருக்குச் சொல்ல அதைவிட சுலபமான வழி கிடையாது.

இப்போது இன்னொரு பட்டியலைப் பாருங்கள். இது 1930 ஜூலை 24 அன்று லாகூர் மத்திய சிறையில் இருந்து, ஜெய்தேவ் குப்தா என்ற பள்ளி நண்பருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. எழுதியவருக்கு 22 வயது. லாகூர் துவாரகாதாஸ் நூலகத்தில் என் பெயரில் இந்தப் புத்தகங்களை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை தம்பி குல்பீரிடம் கொடுத்தனுப்பு என்று கேட்டு, 10 தலைப்புகளை வரிசையாக எழுதியிருக்கிறார்.

எழுதியவர் பகத் சிங். ஜன்னல் ஸ்டிக்கரிலும் டி-ஷர்ட்டிலும் நீங்கள் பார்க்கும் அதே தொப்பி, அதே மீசை. அந்தப் படத்தில் இருப்பவர் என்ன புத்தகம் கேட்டிருப்பார் என்று ஒரு நிமிஷம் ஊகித்துப் பாருங்கள். துப்பாக்கி, வெடிகுண்டு, வீரர்களின் வரலாறு?

பட்டியல் அப்படி இல்லை.

எண்ணிப் பார்த்தால் என்ன தெரிகிறது?

பட்டியல்களை எண்ணுவதுதான் எனக்கு வேலை. அதனால் முதலில் இதை ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டுவிடுவோம்.

10-ல் 3 புத்தகங்கள் லெனின் எழுதியவை. ஒன்று பாரிஸ் கம்யூன் பற்றி மார்க்ஸ் எழுதியது. ஒன்று ரஷ்யாவில் நிலம் கைமாறிய கதை. இதுவரை எதிர்பார்த்ததுதான். அடுத்து 2 புத்தகங்கள் குரோபோத்கின் என்ற ரஷ்ய இளவரசருடையவை. இவர் அரசு என்ற ஒன்றே வேண்டாம் என்ற அராஜகவாதி. லெனினுடைய கட்சிக்கும் இவர் கொள்கைக்கும் ஏழாம் பொருத்தம். அந்த இரண்டில் ஒன்றான ‘மியூச்சுவல் எய்ட்’ எதைப் பற்றியது தெரியுமா? விலங்குகளும் மனிதர்களும் ஒருவருக்கொருவர் உதவித்தான் பிழைத்திருக்கிறார்கள், போட்டி மட்டுமே இயற்கையின் விதி இல்லை என்று வாதாடும் புத்தகம்.

மீதி மூன்றுதான் எனக்கு ரொம்பப் பிடித்தவை. கார்ல் லீப்னெக்ட் எழுதிய ‘மிலிட்டரிசம்’, பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் எழுதிய ‘ஒய் மென் ஃபைட்’. இரண்டுமே ராணுவத்துக்கும் போருக்கும் எதிரானவை. முதல் உலகப் போரை எதிர்த்ததற்காக இந்த இரண்டு ஆசிரியர்களும் ஜெயிலுக்குப் போனவர்கள். துப்பாக்கியோடு நாம் நினைவில் வைத்திருக்கும் ஒருவர், மனிதர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்று கேட்கும் புத்தகத்தைத் தேடி எடுத்து வரச் சொல்கிறார்.

கடைசியாக ஒரே ஒரு நாவல். அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சின்கிளேரின் ‘தி ஸ்பை’. தொழிலாளர் தலைவர்கள் மீது பொய் வழக்குப் போட உதவும் ஒரு போலீஸ் உளவாளியின் கதை. தேதியைத் திரும்பிப் பாருங்கள். 1930 ஜூலையில் லாகூர் சதி வழக்கு சிறப்புத் தீர்ப்பாயத்தில் நடந்துகொண்டிருந்தது. கூடவே இருந்த சில தோழர்கள் அப்ரூவராக மாறி, இவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டிருந்தார்கள். ஒரு மனிதன் எப்படிக் காட்டிக்கொடுப்பவனாக ஆகிறான் என்ற கேள்வி அந்த நேரத்தில் அவருக்குள் ஓடியிருக்கும் என்பது என் ஊகம். கடிதத்தில் அவர் காரணம் எதுவும் எழுதவில்லை.

அதே கடிதத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பஞ்சாப் விவசாயிகளின் கடனைப் பற்றி மால்கம் டார்லிங் என்ற ஐ.சி.எஸ் அதிகாரி எழுதிய புத்தகத்தை வேறொருவருக்காகத் தேடச் சொல்கிறார். இன்னொன்று, லாகூர் போர்ஸ்டல் சிறையில் இருக்கும் தோழர்கள் படிக்க ஒன்றுமில்லாமல் பஞ்சத்தில் கிடக்கிறார்கள், அவர்களுக்கும் ஏதாவது அனுப்பி வையுங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்கிறார். தூக்குத் தண்டனை வரப்போகிறது என்று ஏறக்குறைய தெரிந்துவிட்ட ஒருவருக்கு அன்றைக்கு இருந்த கவலை இதுதான்.

சட்டைப் பையில் ஒரு புகைப்படம்

இந்த வாசிப்பு எங்கே தொடங்கியது என்று பார்க்க, கொஞ்சம் பின்னால் போவோம்.

பகத் சிங் பிறந்தது 1907 செப்டம்பரில், இன்றைக்குப் பாகிஸ்தானில் இருக்கும் லாயல்பூர் மாவட்டம் பங்கா கிராமத்தில். அரசியல் அந்த வீட்டில் சோறு மாதிரி. சித்தப்பா அஜித் சிங், லாலா லஜபதி ராயோடு சேர்த்து 1907-ல் பர்மாவின் மாண்டலேவுக்கு நாடு கடத்தப்பட்டவர். இன்னொரு சித்தப்பா ஸ்வரண் சிங் சிறைவாசத்தால் நோயுற்று இளம் வயதிலேயே இறந்துபோனார். 

சின்ன வயதில் இவருக்குப் பிடித்த ஹீரோ யார் என்பதற்குச் சாட்சி ஒரு புகைப்படம். கதர் கட்சியைச் சேர்ந்த கர்த்தார் சிங் சராபாவை 1915 நவம்பரில் ஆங்கிலேய அரசு தூக்கிலிட்டபோது சராபாவுக்கு 19 வயது. பகத் சிங்குக்கு 8. சராபாவின் படத்தை மகன் எப்போதும் தன்னோடு வைத்திருந்ததை அம்மா வித்யாவதி பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு நாம் போனில் வால்பேப்பர் வைக்கிறோமே, அந்த மாதிரி.

1921-ல் ஒத்துழையாமை இயக்கம் வந்தது. பள்ளியை விட்டார். லஜபதி ராய் போன்றவர்கள் லாகூரில் தொடங்கியிருந்த நேஷனல் காலேஜில் சேர்ந்தார். அங்கே நாடகக் குழு இருந்தது. ராணா பிரதாப், சந்திரகுப்தர், பாரதேந்து ஹரிஷ்சந்திராவின் ‘பாரத துர்தசா’ போன்ற நாடகங்களில் நடித்தார். அந்தக் குழுவோடு, தலைப்பாகையோடு நிற்கும் ஒரு படம் இணையத்தில் கிடைக்கும். தேடிப் பாருங்க. போஸ்டரில் இருப்பவரை அதில் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

மன்னர்கள், வீரர்கள், தியாகிகள். 16 வயதுப் பையனின் ரசனை எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. அதிலேயே அவர் நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

திருப்பம் ஒரு நூலகத்தில் நடந்தது. அதே லஜபதி ராய் நிறுவிய துவாரகாதாஸ் நூலகம். ராஜாராம் சாஸ்திரி என்பவர் நூலகர். ஐரோப்பாவில் இருந்து வரும் அரசியல் புத்தகங்கள், அரசு முகம் சுளிக்கும் புத்தகங்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. பகத் சிங் அவற்றைப் படித்ததாகச் சொல்வதைவிட விழுங்கினார் என்று சொல்வதுதான் சரி என்பது மாதிரி சாஸ்திரியும் மற்ற நண்பர்களும் பதிவு செய்திருக்கிறார்கள்.

அந்த வயதில் அவர் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. பஞ்சாபின் மொழி, எழுத்து பற்றி 1924 வாக்கில் ஒரு போட்டிக்காக எழுதியது. பரிசும் கிடைத்தது. நம் தலைப்புக்கு அது நேரடியாகவே பதில் சொல்கிறது என்பதுதான் ஆச்சரியம். ஒரு சமூகத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமா, அதன் இலக்கியத்தைப் படி என்பது அந்தக் கட்டுரையின் அடிப்படை வாதம். இத்தாலிக்கு மாஜினி, பிரான்சுக்கு ரூசோவும் வால்டேரும், ரஷ்யாவுக்கு டால்ஸ்டாயும் கார்க்கியும் எழுதியிருக்காவிட்டால் அங்கே மாற்றம் வந்திருக்குமா என்று கேட்கிறார். கொஞ்சம் பெரிய வாய்தான், 17 வயசுக்கு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவர் யார் என்று காட்டுவதோடு நிற்காது, அவர் யாராக மாறுவார் என்பதையும் முடிவு செய்யும் என்று அவர் அப்போதே நம்பியிருக்கிறார்.

சாப்பாட்டுக் காசில் சினிமா

எப்போதும் புத்தகமும் கையுமாக முறைத்துக்கொண்டு இருந்த ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். இவருக்கு சினிமாப் பைத்தியம் உண்டு. சார்லி சாப்ளின் படம் என்றால் விடமாட்டார் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ரசகுல்லாவும் ரொம்பப் பிடிக்கும்.

தலைமறைவு வாழ்க்கை. கட்சியில் காசே இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இத்தனை அணா என்று எண்ணிக் கொடுப்பார்கள். அந்த நேரத்தில் ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ மௌனப் படம் வந்தது. அமெரிக்காவின் கறுப்பின அடிமைகளைப் பற்றி ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் 1852-ல் வெளியிட்ட நாவலின் திரை வடிவம். சாப்பாட்டுக்கு வைத்திருந்த காசை எடுத்து டிக்கெட் வாங்கிவிட்டார் பகத் சிங், பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, இந்தப் படத்தை நாம் பார்த்தே ஆக வேண்டும் என்று கூட இருந்தவர்களிடம் வாதாடினார் என்று ஒரு தோழரின் நினைவுக் குறிப்பில் வருகிறது.

1928 ஜூனில் ‘கிர்த்தி’ பத்திரிகையில் தீண்டாமைப் பிரச்சினை பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்கு இந்த டிக்கெட் விவகாரம் வெறும் சினிமா ஆசையாகத் தெரியாது. நாயைத் தொடலாம், மனிதனைத் தொடக் கூடாதா என்ற தொனியில் போகும் கட்டுரை அது. ஒடுக்கப்பட்டவர்கள் பிறர் தயவுக்குக் காத்திருக்காமல் தாங்களே அமைப்பாகத் திரள வேண்டும் என்று சொல்கிறது. படம்தான் கட்டுரைக்குக் காரணம் என்று நான் கோடு போட மாட்டேன். இரண்டையும் ரசித்ததும் எழுதியதும் ஒரே மனசு, அவ்வளவுதான்.

காதல் விஷயத்திலும் அவர் புத்தகத்தைத்தான் துணைக்கு அழைத்தார். 1929 ஏப்ரல் 5, டெல்லி சட்டமன்றத்தில் குண்டு வீசுவதற்கு மூன்று நாள் முன்பு சுக்தேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். காதல் ஒரு புரட்சிக்காரனைப் பலவீனமாக்குமா, பலப்படுத்துமா என்பது இருவருக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்த தகராறு. பகத் சிங் காட்டிய சாட்சி இத்தாலியின் மாஜினி. முதல் கிளர்ச்சி தோற்று, செத்த தோழர்களின் நினைவு தாங்காமல் உடைந்துபோன மாஜினியை அவர் நேசித்த பெண்ணின் ஒரு கடிதம்தான் தூக்கி நிறுத்தியது என்று எடுத்துச் சொன்னார். ஒரு வாரத்தில் சுக்தேவ் கைதானபோது போலீஸ் அந்தக் கடிதத்தைக் கைப்பற்றி, வழக்கில் சாட்சியமாகத் தாக்கல் செய்தது. காதலைப் பற்றிய கடிதம் சதி வழக்கின் ஆவணமான கதை இது.

ஒரு புத்தகம் குண்டாக மாறியது

ரசனை வெறும் ரசனையாக நிற்காமல், செயலாக மாறிய இடம் ஒன்றும் இருக்கிறது. அது சங்கடமான இடம், தாண்டிப் போக முடியாது.

1893 டிசம்பரில் ஓகஸ்ட் வயான் என்ற பிரெஞ்சு அராஜகவாதி பாரிஸ் நாடாளுமன்றத்தில் குண்டு வீசினார். யாரும் சாகவில்லை. ஆனாலும் அடுத்த வருஷமே அவர் தலையை வெட்டினார்கள். நீதிமன்றத்தில் அவர் கொடுத்த வாக்குமூலம் துவாரகாதாஸ் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் இருந்தது. அதைப் படித்துவிட்டு பகத் சிங் துள்ளிக் குதித்ததை சாஸ்திரி நினைவுகூர்ந்திருக்கிறார்.

1929 ஏப்ரல் 8 அன்று டெல்லி மத்திய சட்டமன்றத்தில் பகத் சிங்கும் பதுகேஷ்வர் தத்தும் ஆளில்லாத இடம் பார்த்து குண்டு வீசினார்கள். தப்பி ஓடாமல் நின்று கைதானார்கள். அவர்கள் தூவிய துண்டறிக்கையின் முதல் வாக்கியமே வயான் பெயரைச் சொல்லி, அவர் வாக்குமூலத்தை ஒட்டி எழுதியது. இடம், முறை, வாசகம் மூன்றும் நூலக அலமாரியில் இருந்து வந்தவை.

அதற்கு நாலு மாதம் முன்பு, 1928 டிசம்பர் 17-ல், லாகூரில் சாண்டர்ஸ் என்ற இளம் போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். தடியடிக்கு உத்தரவிட்ட ஸ்காட் என்று நினைத்து ஆள் மாறிச் சுட்டது. அவர்களைப் பிடிக்க முயன்ற சனன் சிங் என்ற இந்தியக் காவலரும் இறந்தார். பிடித்த புத்தகங்களின் பட்டியலை வைத்து ஒருவரை மென்மையானவர் என்று காட்டிவிடுவது ரொம்ப எளிது. இந்த இரண்டு பேருடைய சாவும் அதே வாழ்க்கையில்தான் இருக்கிறது. ரஸ்ஸலைக் கேட்ட கைதான் சாண்டர்ஸைச் சுட்டது. ரஸ்ஸலை அவர் கேட்டது அதற்கு அப்புறம் என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

புத்தகத்துக்காக உண்ணாவிரதம்

சட்டமன்றக் குண்டு வழக்கில் ஆயுள் தண்டனை கிடைத்த உடனே, 1929 ஜூன் நடுவில், பகத் சிங்கும் தத்தும் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அரசியல் கைதிகளுக்கு நல்ல சாப்பாடு, கட்டாய வேலையில் இருந்து விலக்கு என்ற கோரிக்கைகளோடு இன்னொன்றும் இருந்தது. தடை செய்யப்படாத எல்லாப் புத்தகங்களும் வேண்டும், தினம் ஒரு செய்தித்தாளாவது வேண்டும். பிறகு மற்ற தோழர்களும் சேர்ந்தார்கள். 63 நாள் பட்டினி கிடந்த ஜதீந்திரநாத் தாஸ் செப்டம்பர் 13-ல் உயிரை விட்டார். வயது 24.

அதற்கு முந்தின நாள், செப்டம்பர் 12 தேதியிட்டு, சிறை நிர்வாகம் பகத் சிங்குக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தது. 404 பக்கம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. இன்றைக்கு ‘சிறைக் குறிப்பேடு’ என்று நாம் சொல்வது அதைத்தான். குடும்பத்திடம் இருந்த இந்த நோட்டு 1990-களில்தான் அச்சில் முழுசாக வந்தது.

அதைத் திறந்தால் ஆரம்பத்தில் என்ன இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? நில அளவு. ஒரு ஹெக்டேர் என்றால் எத்தனை ஏக்கர் என்ற கணக்கு! ஐரோப்பிய விவசாயிகளைப் பற்றிப் படிக்கும்போது, நம்ம ஊர்க் கணக்கில் அது எவ்வளவு என்று தெரிந்துகொள்ள போட்டு வைத்தது போலத் தெரிகிறது. விவசாயக் குடும்பத்துப் பையன் இல்லையா?

அதற்கப்புறம் குடும்பம் என்ற அமைப்பு எப்படி வந்தது என்று ஏங்கெல்ஸ் எழுதியதில் இருந்து குறிப்புகள். செல்வம் யார் கையில் சேர்கிறது என்பது பற்றிய புள்ளிவிவரங்கள். அரசு என்றால் என்ன என்ற தலைப்பின் கீழ் சாக்ரடீஸ் தொடங்கி ரூசோ வரை வரிசையாக. நடுநடுவே கவிதைகள்: உமர் கய்யாம், வேர்ட்ஸ்வொர்த், டென்னிசன், விட்மன், தாகூர், உருதுக் கவிதை வரிகள்.

இங்கே ஒரு எச்சரிக்கை, எண்ணுகிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்து. பெயர்களை எண்ணினால் பட்டியல் மலைக்க வைக்கும். ஆனால் அதில் கணிசமான வரிகள் ஒரே புத்தகத்தில் இருந்து வந்தவை என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அப்டன் சின்கிளேர் 1915-ல் தொகுத்த ‘தி க்ரை ஃபார் ஜஸ்டிஸ்’ என்ற எதிர்ப்பு இலக்கியத் தொகுப்புதான் அது. அதனால் இத்தனை எழுத்தாளர்களையும் முழுசாகப் படித்தவர் என்று எழுதினால் அது மிகை. ஒரு நல்ல தொகுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு எது தைக்கிறதோ அதை மட்டும் எடுத்து எழுதியிருக்கிறார். எனக்கென்னவோ அது இன்னும் சுவாரசியம். பிளேலிஸ்ட்டில் எல்லாப் பாட்டையும் கேட்கிற ஆளைவிட, எந்தப் பாட்டை நிறுத்தித் திரும்பக் கேட்கிறார் என்பதுதானே ஆளைக் காட்டும்.

ஆனால் குறித்துவைத்தது எல்லாம் ஒப்புக்கொண்டது ஆகாது. இதுதான் இன்றைய சண்டைகளின் வேர். மார்க்ஸ் வரிகள் இருப்பதைக் காட்டி ஒரு தரப்பு உரிமை கொண்டாடும். அதே நோட்டில் சாவர்க்கரின் ‘ஹிந்து பத்-பாதஷாஹி’ நூலில் இருந்தும் ஒரு பகுதி இருக்கிறதே என்று இன்னொரு தரப்பு காட்டும். இரண்டும் உண்மை. தனி ஒரு வரியை வெட்டி எடுத்து மீம் போட்டால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். முழு நோட்டையும், அதன் பக்கத்தில் அவரே எழுதிய கட்டுரைகளையும் வைத்துப் பார்த்தால் போகும் திசை தெரியும். மதமும் அரசியலும் தனித்தனியாக இருக்க வேண்டும் என்று அவர் 1928-ல் ‘கிர்த்தி’யில் எழுதியவர். அதைத் தாண்டி எந்தக் கட்சியின் உறுப்பினர் அட்டையையும் அவர் சட்டைப் பையில் நாம் திணிக்க முடியாது.

ஈரோட்டுக்கும் வந்த ஒரு கட்டுரை

தன் வாசிப்பு தன்னை எப்படி மாற்றியது என்று அவரே கணக்குக் கொடுத்த இடம், 1930 அக்டோபரில் சிறையில் எழுதிய ‘நான் ஏன் நாத்திகன்?’ கட்டுரை. காயத்ரி மந்திரம் சொல்லி வளர்ந்த பையன், பக்குனின் படித்து, மார்க்ஸ் கொஞ்சம் படித்து, லெனின், ட்ராட்ஸ்கி நிறையப் படித்து, 1926 முடிவதற்குள் கடவுள் நம்பிக்கையை விட்டதை வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் நிரலம்ப சுவாமி எழுதியது என்று ‘காமன் சென்ஸ்’ என்ற ஒரு புத்தகத்தையும் குறிப்பிடுகிறார். உண்மையில் அதை எழுதியவர் சோஹம் சுவாமி. நிரலம்ப சுவாமி முன்னுரை மட்டும்தான் எழுதினார். ஜெயிலில், கையில் புத்தகம் இல்லாமல், நினைவில் இருந்து எழுதிய கட்டுரை என்பதற்கு இந்தச் சின்னப் பிழையே அடையாளம்.

அவர் இறந்து ஆறு மாதம் கழித்து, 1931 செப்டம்பர் 27-ல், லாகூரின் ‘தி பீப்பிள்’ வார இதழில் கட்டுரை வெளியானது. அது தமிழுக்கு வர ரொம்ப நாள் ஆகவில்லை. பகத் சிங் தூக்கிலிடப்பட்ட அதே வாரம், 1931 மார்ச் 29-ல் ‘குடி அரசு’ இதழில் பெரியார் தலையங்கம் எழுதியிருந்தார். பிறகு 1930-களின் நடுவில் ப.ஜீவானந்தம் இந்தக் கட்டுரையை மொழிபெயர்க்க, குடி அரசு தரப்பு அதை வெளியிட்டது. அதற்காக ஜீவாவை ஆங்கிலேய அரசு கைது செய்தது. செத்துப்போன ஒருவர் என்னென்ன படித்தார் என்று சொல்லும் கட்டுரையைப் பார்த்து ஒரு அரசாங்கம் பயந்திருக்கிறது!

வட இந்தியாவில் சினிமா வேறு ஒரு பகத் சிங்கை வளர்த்தது. 1965-ல் மனோஜ் குமாரின் ‘ஷஹீத்’. 2002-ல் ஒரே நாளில் இரண்டு படங்கள் ரிலீஸ். அதில் ‘தி லெஜண்ட் ஆஃப் பகத் சிங்’ படத்துக்கும், 2006-ல் வந்த ‘ரங் தே பசந்தி’க்கும் இசை நம்ம ஏ.ஆர்.ரஹ்மான். பாட்டெல்லாம் அருமை. நூலகம்தான் கொஞ்சம் குறைவாக வரும்.

சேலம் சிறையில் பிறந்த கவிதைகள்

பகத் சிங்கின் ரசனையை ஒரே ஒரு ஆவணத்தில் பார்க்க வேண்டும் என்றால் நான் 10 புத்தகப் பட்டியலையோ 404 பக்க நோட்டையோ கொடுக்க மாட்டேன். ஒரு முன்னுரையைக் கொடுப்பேன்.

லாலா ராம் சரண் தாஸ் என்பவர் 1915-ன் முதல் லாகூர் சதி வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர். சராபாவைத் தூக்கில் போட்ட அதே வழக்கு. அவரைக் கொண்டுவந்து அடைத்தது சென்னை மாகாணத்தின் சேலம் மத்திய சிறையில். அங்கே உட்கார்ந்து ‘தி ட்ரீம்லேண்ட்’ என்று ஆங்கிலத்தில் ஒரு கவிதை நூல் எழுதினார். புரட்சிக்குப் பிறகு உலகம் எப்படி இருக்கும் என்ற கனவு. வெளியே வந்து பகத் சிங் குழுவோடு சேர்ந்தார், மறுபடி கைதானார். இந்த முறை தடுமாறி அப்ரூவராக ஒப்புக்கொண்டார். பிறகு மனம் மாறி வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்று, அதற்காகவே தண்டனை வாங்கினார். அந்தத் தண்டனைக் காலத்தில்தான் கவிதைக் கையெழுத்துப் பிரதி பகத் சிங் கைக்கு வந்தது. முன்னுரை வேண்டும் என்று கேட்டார் தாஸ்.

யோசிச்சுப் பாருங்க. கேட்பவர் மூத்தவர். சின்ன வயது ஹீரோ சராபாவின் சக கைதி. நடுவில் ஒரு முறை காட்டிக்கொடுக்கும் விளிம்பு வரை போய்த் திரும்பியவர். எழுத வேண்டியவருக்கோ தூக்குத் தண்டனை உறுதியாகிவிட்டது. பாராட்டி நாலு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

1931 ஜனவரி 15 தேதியிட்ட அந்த முன்னுரை பாராட்டோடு நிற்கவில்லை. தனக்குக் கவிதை தெரியாது, யாப்பு தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். தடுமாற்றத்தைப் பற்றி ஒரு குத்தல் வார்த்தை கிடையாது. ஆனால் கருத்துகளில் விட்டுக்கொடுக்கவே இல்லை. கடவுளைப் பற்றி, உலகம் ஏன் படைக்கப்பட்டது என்பதைப் பற்றித் தாஸ் சொல்வது தனக்கு ஏற்பில்லை, ஏனென்றால் நான் பொருள்முதல்வாதி என்கிறார். எதிர்காலச் சமூகம் பற்றிய கனவை ரசிக்கிறார், அதில் எது நடைமுறைக்கு வரும், எது வராது என்று பிரித்துக் காட்டுகிறார். கடைசியில் இந்தப் புத்தகத்தை இளைஞர்களுக்குப் பரிந்துரைக்கிறார், ஒரு நிபந்தனையோடு. இதில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றப் படிக்காதீர்கள், படியுங்கள், குறை சொல்லுங்கள், யோசியுங்கள், உங்களுக்கென்று ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்ளுங்கள்.

நமக்குப் பிடித்த ஒருவருடைய படைப்பை நாம் இப்படி அணுகுவோமா? நம் ஹீரோவைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் கமெண்ட் பகுதியில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

தன் பழைய ரசனைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1931 பிப்ரவரி 2-ல் இளம் அரசியல் தொண்டர்களுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், புரட்சி வாழ்க்கையின் தொடக்க காலம் வேண்டுமானால் விதிவிலக்காக இருக்கலாம், மற்றபடி நான் பயங்கரவாதி இல்லை, அந்த வழியில் எதையும் சாதிக்க முடியாது என்று உறுதியாக நம்புகிறேன் என்று சொன்னார். குண்டுக்குப் பதிலாக விவசாயிகள், தொழிலாளர்களிடையே பொறுமையாக வேலை செய்யும் கட்சியைக் கட்டச் சொன்னார். வயானைப் படித்துத் துள்ளிய அதே ஆள், சில வருஷத்தில்.

மார்ச் 23 அன்று வழக்கறிஞர் பிராண் நாத் மேத்தா சிறைக்கு வந்தார். அவரைப் பார்த்ததும் பகத் சிங் கேட்டது, லெனின் பற்றிய புத்தகம் கொண்டுவந்தீர்களா என்று. கொண்டுவந்திருந்தார். வாங்கிய உடனே படிக்கத் தொடங்கினார். தூக்கு மறுநாள் காலை என்று குறித்திருந்தார்கள். அரசு அதை அன்று மாலைக்கே மாற்றியது. சுமார் 7 மணிக்கு பகத் சிங், ராஜகுரு, சுக்தேவ் மூவரையும் கொண்டுபோனார்கள்.

404 பக்க நோட்டு வீட்டுக்குப் போனது. அதில் பல பக்கங்கள் எதுவும் எழுதப்படாமல் இருக்கின்றன.